நாடு நாடாகப் பிரிந்துபோன வாலிபால் அணி விஆரில் ஒன்றுசேர்ந்து ஆட முடியுமா?

கேள்வி இது: கல்லூரியில் ஒரே வாலிபால் அணியில் ஆடிய ஆறு பேர். இப்போது இரண்டு பேர் சென்னையில், இரண்டு பேர் சிங்கப்பூரில், இரண்டு பேர் டொராண்டோவில். ஆளுக்கொரு விஆர் ஹெட்செட் (தலையில் மாட்டினால் மெய்நிகர் உலகத்தைக் கண்முன் காட்டும் கருவி) வாங்கினால் வாரம் ஒருநாளாவது பழையபடி ஓர் அணியாக ஆட முடியுமா? வாலிபால் சரிப்படாவிட்டால் கிரிக்கெட், புட்பால்? இல்லை, வாங்கி ஒரு மாதத்தில் அலமாரிக்குள் போய்விடுமா?

ஆட முடியும். வேர்க்க வேர்க்க ஆடலாம், ஒருவரை ஒருவர் திட்டலாம், ஜெயித்துவிட்டுக் கத்தலாம். ஆனால் நீங்கள் மைதானத்தில் ஆடிய அதே ஆட்டத்தை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து ஹெட்செட்டுக்குள் வைக்க முடியாது. எது வரும், எது வராது என்பது தெரியாமல் வாங்குகிறவர்களின் ஹெட்செட்தான் அலமாரிக்குப் போகிறது. நான் இணைய விளையாட்டுகளின் நெட்வொர்க் பக்கம் பல வருடங்கள் வேலை செய்தவன், விஆரிலும் நிறைய ஆடியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஹெட்செட்டுக்கு உங்கள் உடம்பில் எவ்வளவு தெரியும்? மூன்றே மூன்று இடம்: தலை, வலது கை, இடது கை. மெட்டா குவெஸ்ட் போன்ற கருவிகள் இந்த மூன்றையும் மிக நுட்பமாகப் பின்தொடர்கின்றன. முழங்கை எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் கணக்குப் போட்டு ஊகிப்பதுதான். கால்களைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. கணுக்காலில் தனியாக ட்ராக்கர் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆறு பேரும் அதை வாங்கி, ஒவ்வொரு முறையும் கட்டிச் சரிபார்த்து ஆடுவது நடக்கிற காரியமில்லை.

இதிலேயே பாதி பதில் வந்துவிடுகிறது. கையால் ஆடுவதெல்லாம் விஆருக்கு ஒத்துவரும், காலால் ஆடுவது வராது. புட்பாலில் கோல்கீப்பர் வேலை அருமையாக இருக்கும். மற்ற பத்துப் பேரின் வேலை இருக்காது. மான்செஸ்டரைச் சேர்ந்த ரெஸில் என்ற நிறுவனம் புட்பால் வீரர்களுக்கு விஆரில் பயிற்சி தருகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கி வளர்ந்த ஸ்ட்ரைவர் என்ற நிறுவனம் அமெரிக்கப் புட்பால் வீரர்களுக்கு அப்படிப் பயிற்சி தந்தது. இவை நல்ல முயற்சிகள்தான், ஆனால் தனி ஒருவரின் கண்ணையும் முடிவெடுக்கும் வேகத்தையும் பழக்குவதற்கானவை. நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது வேறு விஷயம்.

இரண்டாவது சங்கதி, ஓடுவது. குவெஸ்ட் கேட்பது ஏறக்குறைய 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம். வாலிபால் மைதானம் 18 மீட்டருக்கு 9. நிஜத்தில் நேராக நடக்கிறோம் என்று நம்பவைத்துக்கொண்டே நம்மை வட்டமாக நடக்கவைக்கும் ஒரு உத்தி உண்டு. ஆனால் ஆள் கொஞ்சமும் உணராமல் இருக்க அந்த வட்டத்தின் ஆரம் குறைந்தது 22 மீட்டர் வேண்டும் என்று 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. எந்த வீட்டு ஹாலில் அதற்கு இடம் இருக்கிறது? 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பணம் திரட்டிய வெர்ச்சுயிக்ஸ் ஆம்னி மாதிரியான வழுக்கும் மேடைகளில், இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் ஓடலாம். நேராக ஓடுவது பரவாயில்லை. சட்டென்று நின்று திரும்பிப் பக்கவாட்டில் பாய்வது, அதாவது எந்த மைதான ஆட்டத்துக்கும் உயிரான அசைவு, அதில் வராது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் உள்ள குச்சியைத் தள்ளி ஓடலாம்தான். அப்போது கண் ஓடுகிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்கிறேன் என்கிறது. பலருக்குப் பத்தே நிமிடத்தில் குமட்டல் வந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி: தூரம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் பூமியின் மேல் மிகக் குறுகிய வழியே சுமார் 13,300 கிலோமீட்டர். போய்வர 130 மில்லி நொடிக்கு மேல். எவ்வளவு காசு கொடுத்து எந்த இணைப்பு வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. உண்மையில் கேபிள்கள் வளைந்து நெளிந்து, பல ரௌட்டர்களில் ஏறி இறங்கிப் போவதால் 200-ஐத் தாண்டுவதுதான் வழக்கம். சென்னை–சிங்கப்பூர் அப்படியில்லை. 2,900 கிலோமீட்டர்தான், கடலடியில் நேரடிக் கேபிளே இருக்கிறது. அங்கே தாமதம் பெரிய பொருட்டே இல்லை.

200 மில்லி நொடி என்பது ஒரு கண்சிமிட்டல். ஆனால் 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து அதில் பாதி நேரத்திலேயே கிட்டத்தட்ட 4 மீட்டர் தாண்டிவிடும். அப்படியானால் கிரிக்கெட் நடக்கவே நடக்காது என்று தோன்றும். நடக்கும். அதுவும் நன்றாக நடக்கும். ஏன் என்று புரிந்துகொண்டால், எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

டொராண்டோவில் இருப்பவர் பந்து வீசுகிறார். கையை விட்டுப் பந்து கிளம்பிய அந்தக் கணத்தில் அதன் வேகம், திசை, சுழற்சி எல்லாம் முடிவாகிவிட்டன. அதற்கப்புறம் அந்தப் பந்தை யாரும் மாற்ற முடியாது. அந்தச் செய்தி சென்னைக்கு 100 மில்லி நொடி தாமதமாக வரட்டுமே, சென்னையில் உள்ள ஹெட்செட் பந்தின் முழுப் பயணத்தையும் தானே கணக்கிட்டு, ஒரு துளி குறையாமல் பேட்ஸ்மேனுக்குக் காட்டும். அவருக்கு அது சுத்தமான பந்து. அடித்தது பட்டதா, எட்ஜா, போல்டா என்பதைச் சென்னைக் கருவியே தீர்மானித்துத் திருப்பி அனுப்புகிறது. வீசியவருக்கு மட்டும் முடிவு கொஞ்சம் தாமதமாகத் தெரியும். அந்த இடைவெளியைப் பந்து காற்றில் போவதைச் சற்று நிதானமாகக் காட்டி மறைத்துவிடலாம்.

டேபிள் டென்னிஸும் இதே ஜாதி. ஒருவர் அடிக்கிறார், பந்து பறக்கிறது, அடுத்தவர் அடிக்கிறார். எந்தக் கணத்திலும் பந்து ஒருவருக்கே சொந்தம். அதனால்தான் லெவன் டேபிள் டென்னிஸ் 2016-லிருந்து இன்றுவரை விஆரில் அவ்வளவு மதிக்கப்படுகிறது. நிஜத்தில் அந்தப் பந்து 2.7 கிராம்தான், மட்டையில் படும்போது கைக்கு வரும் அதிர்வு சின்னது. கன்ட்ரோலரின் சின்ன அதிர்வே அதற்குப் போதும். கை ஏமாந்துவிடுகிறது.

இப்போது கூடைப்பந்தில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் பந்தைத் தட்டிப் பறிப்பதை நினைத்துப் பாருங்கள். சென்னைக் கருவி ‘நான் தட்டிவிட்டேன்’ என்கிறது. டொராண்டோக் கருவி ‘அதற்குள் பாஸ் கொடுத்துவிட்டேன்’ என்கிறது. இருவரும் பார்த்தது உண்மை. ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான செர்வர் ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டும், மற்றவருக்குத் தன் கையில் இருந்த பந்து மாயமாகப் போனதுபோல் இருக்கும். ஒரு முறை நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு இருபது முறை நடந்தால் நண்பர்களுக்குள்ளேயே சண்டை வரும். கபடியைச் சொல்லவே வேண்டாம். தொடுவதும் பிடிப்பதும்தான் அந்த ஆட்டமே. உங்கள் கையில் மாட்டிய ஆளுக்கு எடை இல்லை, இழுப்பு இல்லை, அவர் 100 மில்லி நொடிக்கு முந்தைய இடத்தில் நிற்கிறார். கபடியை மைதானத்துக்கே விட்டுவிடுவோம்.

ஆக, ஒரு கணத்தில் பந்து ஒருவருக்குச் சொந்தமா, இருவருக்குமா என்று பாருங்கள். ஒருவருக்கென்றால் கண்டம் தாண்டி ஆடலாம். இருவருக்குமென்றால் பக்கத்து நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தத் தடைகளையெல்லாம் வைத்துக்கொண்டே அற்புதமாக ஒரு அணி விளையாட்டு உருவானது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. ரெடி அட் டான் என்ற நிறுவனம் 2017 ஜூலையில் வெளியிட்ட எக்கோ அரீனா. எடையில்லா விண்வெளி அரங்கு, இரண்டு அணிகள், ஒரு வட்டத்தட்டு, இரண்டு பக்கமும் கோல். எல்லோரும் ரோபோ உருவம். ஓடுவதே கிடையாது. சுவரைப் பிடித்துத் தள்ளினால் மிதந்து போவீர்கள். மணிக்கட்டில் உள்ள சின்ன உந்துகளால் திசை திருப்பலாம். எதிராளியின் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போகலாம், சொந்த அணிக்காரரைப் பிடித்து அவர் மேலிருந்தே உந்திக் கிளம்பலாம். முகத்தில் ஒரு குத்து விட்டால் எதிராளி சில நொடி செயலிழப்பார், தட்டு அவர் கையிலிருந்து நழுவும்.

அதை வடிவமைத்தவர்கள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. கால் தெரியாதா? கால் தேவைப்படாத உலகத்தை உண்டாக்கினார்கள். இடமில்லையா? கையால் இழுத்து நகரச் செய்தார்கள். உங்கள் கை சுவரை இழுக்கிறது, உலகம் அதற்கேற்ப நகர்கிறது என்பதால் பலருக்குக் குமட்டலும் குறைந்தது. பழைய ஆட்டத்தை விஆருக்குள் திணிக்காமல், தலையும் இரண்டு கையும் மட்டுமே உள்ள ஓர் உடம்புக்கு என்ன ஆட்டம் பொருந்தும் என்று முதலிலிருந்து யோசித்தார்கள்.

ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிஜமான அணி ஆட்டம். தட்டை வைத்திருப்பவர் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார் என்பதை வைத்தே பாஸ் எங்கே வரும் என்று சொல்லலாம். நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் எறிவார்கள், கூடைப்பந்தில் செய்வதுபோலவே. குரல் அந்தந்த ஆள் இருக்கும் திசையிலிருந்து வரும். முதுகுக்குப் பின்னால் ‘இங்கே, இங்கே’ என்று கேட்டால் திரும்பாமலே எறியலாம். முகம் தெரியாத ரோபோவாக இருந்தும், ஒருவர் நிற்கும் தோரணையிலும் கை ஆட்டும் விதத்திலும் யாரென்று கண்டுபிடித்துவிடுவோம். இணையத்தில் லீக்குகள் நடந்தன. ஆண்டுக்கணக்கில் ஒரே அணியாக ஆடியவர்கள் பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

அப்புறம் 2020-ல் பேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2023 ஜனவரி கடைசியில் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 1-ம் தேதி செர்வர்களை அணைத்தார்கள். பேஸ்புக்கின் விஆர் பிரிவான ஓக்குலஸில் முன்பு தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவரும், அப்போதுதான் அந்த நிறுவனத்தைவிட்டு வெளியேறியிருந்தவருமான ஜான் கார்மாக்கே அந்த முடிவில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024-ல் ரெடி அட் டான் நிறுவனமும் மூடப்பட்டது. இதைப் பற்றி எனக்கு வருத்தம் மட்டுமில்லை, கோபமும் உண்டு. ஒரு பந்தும் ஒரு காலி மைதானமும் இருந்தால் வாலிபாலை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. விஆர் ஆட்டத்தின் மைதானம் இன்னொருவரின் கணினியில் இருக்கிறது. அவர் விளக்கை அணைத்தால் முடிந்தது. ஆகவே எந்த ஆட்டத்தைத் தேர்ந்தாலும், உங்கள் குழுவின் உயிர் அதில் தொங்க வேண்டாம். பேச்சுக்கான குழு வேறு எங்காவது இருக்கட்டும். ஒரு ஆட்டம் போனால் எல்லோரும் சேர்ந்து அடுத்ததற்குப் போகலாம்.

சரி, உங்கள் வாலிபாலுக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கில் அதை வைத்துப் பார்த்தால் வாலிபால் எதிர்பார்ப்பதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டு அணிக்கும் நடுவில் நெட் இருக்கிறது, உரசல் இல்லை. பந்தைப் பிடித்து வைக்கவே கூடாது, ஒருவர் தொட்டால் அடுத்தவர் தொடும்வரை அது பறந்துகொண்டே இருக்கும். அந்தப் பறக்கும் நேரம்தான் தாமதத்தை ஒளித்துவைக்கும் பெட்டி. செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கித் தருபவர், உயரமாகத் தூக்கினால் பந்து ஒரு நொடிக்கு மேல் காற்றில் இருக்கும். டொராண்டோ செட்டர் தூக்கிச் சென்னைக்காரர் ஸ்மாஷ் அடிப்பது தாராளமாக நடக்கும். நெட்டை ஒட்டித் தாழ்வாகத் தூக்கி உடனே அடிக்கும் குயிக் மட்டும் நடக்காது. செய்தி வந்து சேர்வதற்குள் பந்து அடிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். ப்ளாக்கிலும் தகராறு வரும். நெட்டின் மேல் இருவர் கையும் பந்தைத் தேடுவதால், அங்கே பந்து இருவருக்கும் சொந்தமாகிவிடுகிறது.

உடம்பு விஷயத்தில் ஒரு குறை. கீழே வரும் சர்வீஸை நாம் இரண்டு முன்கையையும் சேர்த்து எடுக்கிறோம். ஹெட்செட்டுக்கு முன்கை தெரியாது, கையில் உள்ள கன்ட்ரோலர்தான் தெரியும். அதனால் ரிசீவ் எப்போதும் கொஞ்சம் பொம்மைத்தனமாக இருக்கும். விரலால் மேலே தள்ளுவதும் ஸ்மாஷும் நன்றாக வரும். தாவிக் குதிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அரைக் கிலோ எடையை முகத்தில் கட்டிக்கொண்டு, தரையைப் பார்க்காமல் குதித்து இறங்குவது கணுக்காலுக்கு ஆபத்து. கையை ஓங்கினாலே குதித்ததாக எடுத்துக்கொள்ளும் வசதியுள்ள ஆட்டமாகப் பாருங்கள்.

ஆறு பேரையும் எப்படிப் பிரிப்பது? ஊர் வாரியாகப் பிரிக்காதீர்கள் என்பது என் எண்ணம். சென்னையும் சிங்கப்பூரும் கலந்து ஒரு பக்கம் நின்றால் அவர்களுக்குள் குயிக்கூட வரலாம், டொராண்டோ இருவர் மட்டும் தனித்துப் போவார்கள். ஆளுக்கொரு டொராண்டோக்காரரை இரண்டு பக்கமும் போடுங்கள். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் கஷ்டம் இரண்டு பக்கத்துக்கும் சமமாக இருக்கும். செர்வரைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் ஐரோப்பாவைப் போட்டுப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் போக்குவரத்தில் பெரும்பகுதி எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறது. சிங்கப்பூர்க்காரர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கிரிக்கெட்டையும் முயன்று பாருங்கள். ஹைதராபாத்தின் ப்ரோயுகா நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த ஐபி (iB) கிரிக்கெட் இந்தத் துறையில் நம் நாட்டின் முக்கியமான முயற்சி. பேட்டிங் சுகமாக இருக்கும். பீல்டிங்தான் சலிப்பு. நிஜ மைதானத்தில் பீல்டிங் நிற்கும்போது பக்கத்தில் ஆள் உண்டு, வெயில் உண்டு, ஓட இடம் உண்டு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு லாங் ஆனில் பத்து ஓவர் நிற்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் ஆளுக்கு ஒரு ஓவர் என்று வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்படி ஆடினால் தெருக் கிரிக்கெட்டின் கலகலப்பு வந்துவிடும்.

வீட்டுப் பக்கம் சில விஷயங்கள். சென்னையில் இருப்பவர்கள் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். ஹெட்செட் வரைந்து காட்டும் எல்லைக்கோடு நான்கு பக்கச் சுவருக்குத்தான், மேலே சுழலும் மின்விசிறி அதற்குத் தெரியாது. நான் ஒரு ஸ்மாஷுக்குக் கையைத் தூக்கி விசிறி இறக்கையில் அடித்துக்கொண்டு இரண்டு தையல் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து சீலிங் பேனை அணைத்துவிட்டு, ஒரு டேபிள் பேனை எனக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன். வியர்வையில் லென்ஸ் மங்குவது குறைகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்து நான் அறையில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதும் தெரிகிறது. குமட்டலுக்கும் அது நல்லது. காலுக்கடியில் ஒரு சின்னக் கால்மிதியைப் போட்டு வெறுங்காலோடு ஆடுங்கள். கால் கால்மிதியில் இருக்கும்வரை நீங்கள் அறையின் நடுவில் இருக்கிறீர்கள். கன்ட்ரோலரின் மணிக்கட்டுக் கயிற்றைக் கட்டாமல் ஆடவே ஆடாதீர்கள். குழந்தைகள் இருந்தால் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள்.

ரௌட்டர் அதே அறையில், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இணைப்பில் இருக்கட்டும். வேகம் எத்தனை எம்பி என்பது இங்கே முக்கியமே இல்லை. தாமதம் ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சீராக 200 மில்லி நொடி இருந்தால் ஆட்டம் அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். 80-க்கும் 300-க்கும் நடுவில் குதித்தால் எதுவும் செய்ய முடியாது.

நேரத்துக்கு ஒரு யோசனை: சனிக்கிழமை சென்னையில் இரவு 7.30. அப்போது சிங்கப்பூரில் 10 மணி, டொராண்டோவில் கோடைக்காலத்தில் காலை 10, குளிர்காலத்தில் 9. முதல் சில வாரம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குமட்டல் வரும்போலத் தோன்றினால் அந்தக் கணமே கழற்றிவிடுங்கள். சமாளித்துக்கொண்டு ஆடினால் பழகாது, அடுத்த வாரம் ஹெட்செட்டைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும்.

இன்னும் ஒன்று சொல்ல ஆசை. விஆர் ஹெட்செட் வீடுகளுக்கு வருவதற்கு வெகு முன்பே, 2003-ல், டப்ளினில் இருந்த மீடியா லேப் யூரோப்பில் புளோரியன் மியுல்லரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு இடங்களில் இரண்டு பேர், ஆளுக்கொரு சுவர். சுவரில் எதிராளியின் ஆளுயர வீடியோ, அதன்மேல் கட்டங்கள். நிஜப் பந்தை உதைத்துக் கட்டங்களை உடைக்க வேண்டும். அதே ஆட்டத்தை விசைப்பலகையில் ஆடியவர்களோடு ஒப்பிட்டபோது, உடம்பால் ஆடியவர்கள்தான் எதிரில் இருந்த அந்நியரை நன்றாகத் தெரிந்துகொண்டதாகவும், அதிகம் ரசித்ததாகவும் சொன்னார்கள். பந்து ஒரு சுவரைத் தாண்டி மறுபக்கம் போகவே இல்லை. ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டது.

அதனால் காட்சியின் தரத்தைவிட மைக்கைப் பாருங்கள். ஆறு பேருக்கும் குரல் தெளிவாக வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். நண்பர்கள் கூடி ஆட இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு விஆர் இடத்தில் தொடங்கலாம். ஆறு ஹெட்செட்டையும் ஒரேயடியாக வாங்காமல், ஊருக்கு ஒன்று என்று மூன்று வாங்கி மாற்றி மாற்றி ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். உங்களில் யாருக்கு விஆர் ஒத்துக்கொள்கிறது, யாருக்குத் தலை சுற்றுகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். வாலிபால் தொடங்கும் முதல் நாளே செட்டராக நிற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: பந்தை எவ்வளவு உயரமாகத் தூக்க முடியுமோ அவ்வளவு உயரமாகத் தூக்கட்டும்.